பாட்டு முடியும் வரை

மாமா விஸ்கியைத் தேநீர்க் கோப்பையில்தான் குடிப்பார். நீல விளிம்பு வைத்த கோப்பை. துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் ஊற்றுவார். 2009இல் லண்டன் கோலியர்ஸ் வுட்டில், அவர் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர் தனியாக இருந்தார். மதியத்துக்குப் பிறகு இறங்கி வருவார். இரண்டாவது கோப்பை முடிந்ததும் பாடத் தொடங்குவார்.

எல்லாம் மதுவிலக்குப் பாட்டுகள். அந்த நாளில் குடிக்கு எதிரான கூட்டங்களில் சிறுபிள்ளைகளை மேடையேற்றிப் பாடவைப்பார்களாம். அவரும் அப்படிப் பாடிய பிள்ளைதான். நான் அப்போது ஒலிப்பதிவு படித்து முடித்திருந்தேன். எதையும் வகைபிரித்துப் பார்ப்பது என் பழக்கம். அந்தப் பாட்டுகளில் நான்கு விடயங்கள் தவறாமல் வரும்: மதுக்கடைக் கதவு, மழை, செருப்பில்லாத பிள்ளை, அணைந்த அடுப்பு. நான் வரிவரியாகப் பொருள் சொல்ல, மாமா கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“கிழவனுக்குத் தண்ணி உள்ளுக்குப் போனாத்தான் குடிக்காதை எண்டு பாட வரும்,” என்று சிரிப்பார். அடுத்த கணமே, “எண்டாலும் அந்தச் செருப்பில்லாத குஞ்சு பாவம், பிள்ளை,” என்பார்.

மாமிக்கு ஈஸ்ட் ஹாம் நகைக்கடையில் வேலை. ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது மாமாவின் பொறுப்பு. அவர் பிந்திப் பிந்திப் போனதில், இன்னொரு முறை நடந்தால் கவுன்சிலின் சிறுவர் நலப் பிரிவுக்கு அறிவிப்போம் என்று பள்ளி சொல்லியிருந்தது. பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று மாமி பயந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் பாட்டுகளைப் பதிவு செய்ய மைக்குடன் போனேன்.

“பிள்ளையைக் கூட்டப் போகேல்லையே, மாமா?”

“நேரம் கிடக்கு. நீ தொடங்கு.”

கிழவர் நீளமான பாட்டொன்றை எடுத்தார். மதுக்கடை வாசலில் நனைந்தபடி தகப்பனைக் கூப்பிடும் சிறுமியின் பாட்டு. நடுவில் மாமாவின் தொலைபேசி அடித்தது. பதிவு குழம்பிவிடும் என்று அவசரமாக அதை நிறுத்தினார். மறுபடி அடித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். “பாட்டு முடியட்டும்,” என்றார், கண்ணில் நீரோடு.

அழைத்தது பள்ளிக்கூடம்.

கவுன்சில் வரும்வரை மாமி காத்திருக்கவில்லை. மகளோடு சட்டன் என்ற ஊரில் இருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார். மாமா அதன்பின் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது என்னைத் தேடி வந்து, அப்பாவின் குரல் எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் அந்த ஒரு பதிவுதான் இருந்தது. அது எந்த நாளுடையது என்று சொன்னேன். தொலைபேசிச் சத்தத்தை வெட்டித் தரவா என்றேன், வேண்டாம் என்றாள். பாட்டை விட்டுவிட்டு, “பாட்டு முடியட்டும்” என்ற அந்த இரண்டு சொற்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

“எவ்வளவு மெதுவாச் சொல்லுறார், மச்சாள்,” என்றாள்.