பர்வீன் வைத்துவிட்டுப் போன தூக்கு

மகள் பள்ளி நூலகத்திலிருந்து ரம்ஜானைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பிறை, நோன்புக் கஞ்சி, புதுத்துணி என்று ஒவ்வொரு படமாகக் காட்டிப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கத்தில் கையில் தூக்கோடு ஒரு சிறுமி, பக்கத்து வீட்டின் மூடிய கதவு முன்னால் நின்றாள். படிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுப் பர்வீன் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அப்படித்தான் வந்து நிற்பாள். நெய்யில் வறுத்த சேமியாவின் மணம் அவளுக்கு முன்பே படியேறி வந்துவிடும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பாள் அம்மா. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் ஊரெல்லாம் கலவரப் பேச்சு. பர்வீன் கதவைத் தட்டியதும் அப்பா என் காதருகே குனிந்தார்.

"ஊட்ல யாரும் இல்லன்னு சொல்லு."

சொன்னேன்.

"நீ கீறியேடி?" என்றாள் பர்வீன், வெளியிலிருந்து.

தூக்கை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாயசத்தை அப்பா சாக்கடையில் கொட்டினார். வெறும் தூக்கைக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. எதையாவது போட்டுக் கொடுக்க அப்பா விடவில்லை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். மூடியில் பர்வீனின் அம்மா பெயர் வெட்டிய அந்தத் தூக்கு இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

மகளே பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த படத்தில் கதவு திறந்திருந்தது.

"உள்ள ஆள் இருக்காங்கம்மா," என்றாள்.