ஒரு கண்டத்துக்கு ஒரே எழுத்தாளர்

இலக்கிய விழாவுக்கு வருகிற எழுத்தாளரை ஏர்போர்ட்டில் பிடித்து, திரும்ப ஏர்போர்ட்டில் கொண்டு விடும் வரை தொலைத்துவிடாமல் வைத்திருப்பதுதான் என் வேலை. சம்பளம் கிடையாது. கழுத்தில் தொங்க ஒரு அட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பன், விழா முடிந்ததும் கால்வலி. ஐரோலி ஆபீஸில் வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு மும்பை மாதுங்காவில் ஒரு கல்லூரி வளாகத்தில் இதைச் செய்கிறேன். நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே பேச்சுக் கேட்டவர்கள், பேச்சு புரியாமல் தலையாட்டியவர்கள், யாருக்கோ தண்ணீர் பாட்டில் தேடி ஓடியவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

இந்த வருஷம் விழாவில் 'புதிய ஆப்பிரிக்கக் கதைகள்' என்று ஒரு அரங்கு. நான்கு நாடுகளிலிருந்து நான்கு பேர் வருவதாக ஏற்பாடு. மூன்று பேருக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. கானாவிலிருந்து அபேனா மட்டும் வந்தாள். ஒரு முழுக் கண்டமும் அவள் தலையில் விழுந்தது, அவள் என் தலையில் விழுந்தாள். முதல் நாவல், முதல் வெளிநாட்டு அழைப்பு. என் அக்கா பெண்ணின் வயதுதான் இருக்கும், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

வரவேற்பு

எழுத்தாளரை அவர் பாஷையில் வரவேற்றால் நன்றாக இருக்குமே என்று ரயிலில் வரும்போதெல்லாம் 'ஜாம்போ, ஜாம்போ' என்று சொல்லிப் பழகியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி இடம் மாறி உட்கார்ந்ததுதான் மிச்சம். ஏர்போர்ட்டில் அபேனா வெளியே வந்ததும் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சத்தமாகச் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசுகிற பாஷை என்றும், தன் ஊர் மேற்கில், அங்கே யாருக்கும் அது தெரியாது என்றும் மெதுவாகச் சொன்னாள்.

நான் அசடு வழிந்துகொண்டிருந்தபோது, விமானத்தில் தானும் எனக்காக ஒன்று கற்றுக்கொண்டு வந்ததாகச் சொல்லி, கைகூப்பி, ஒவ்வொரு எழுத்தாக 'ஸத் ஸ்ரீ அகால்' என்றாள். பக்கத்து ஸீட்டு பஞ்சாபிக்காரர் சொல்லிக்கொடுத்தாராம். நான் தமிழ், செம்பூரில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று விளக்கினேன். அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "சரி, நாம ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே இருந்துடலாம். தப்பா பேசினாலும் ரெண்டு பேருக்கும் தெரியாது."

காரம்

வெளிநாட்டு விருந்தாளிக்குக் காரமில்லாமல் சாப்பாடு போடவேண்டும் என்று கமிட்டியிலிருந்து கண்டிப்பான உத்தரவு. மாதுங்காவில் எனக்குப் பழக்கமான மெஸ்ஸுக்கு முன்கூட்டியே போன் பண்ணி, ரசத்தில் மிளகு வேண்டாம், கூட்டில் மிளகாய் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். பரிமாறுகிற மணிக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். பத்தியச் சாப்பாடு மாதிரி ஒரு இலையைக் கொண்டுவந்து பரப்பினார்.

அபேனா இரண்டு வாய் சாப்பிட்டாள். பக்கத்து மேஜையில் ஒருவர் சிவக்கச் சிவக்கக் குழம்பு ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தனக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னார்களா என்று என்னைக் கேட்டாள். குழம்பு வந்தது. போதவில்லை. ஊறுகாய் வந்தது. அதைத் தொட்டுக்கொள்ளாமல் பிசைந்து சாப்பிட்டாள். அவர்கள் ஊரில் மிளகாயும் தக்காளியும் அரைத்துப் பச்சையாகவே வைப்பார்களாம். மணி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார்: "மாமி, இவாளுக்கு நம்ம காரமெல்லாம் ஏறாது. உள்ளே நாங்க சாப்பிட வெச்சிருக்கற தொக்கைத்தான் எடுத்துண்டு வரணும்."

சிங்கம் இல்லாத புத்தகம்

அபேனாவின் நாவல் ஒரு கல்யாணத்தைப் பற்றியது. மூன்று தடவை தள்ளிப்போகிற கல்யாணம், அதை நடத்தியே தீருவது என்று ஊரையே ஆட்டிவைக்கிற ஒரு அத்தை. கதை முழுக்க நகரத்து மாடிக் குடியிருப்பில் நடக்கிறது. ஆனால் பதிப்பகத்தார் அட்டையில் ஆரஞ்சு நிறச் சூரியனையும் புல்வெளியில் ஒற்றை மரத்தையும் போட்டிருந்தார்கள். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று தனக்கே தெரியாது என்றாள் அபேனா. புத்தகக் கடைக்காரரும் அட்டையைப் பார்த்து அதைச் சுற்றுலாப் புத்தகங்களோடு, யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் நடுவில் அடுக்கிவிட்டார். நான் சொல்லி மாற்ற வைப்பதற்குள், கென்யா டூர் போகிற திட்டத்தில் இருந்த மாஹிம்காரர் ஒருவர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் கடைக்கு வேகமாக வருவதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பக்கத்திலேயே அபேனா வேறு நின்றாள். மன்னிப்புக் கேட்கத் தயாராகிக்கொண்டேன். அவர் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "சிங்கம் எங்கேயும் வரலை. ஆனா அதுல ஒரு அத்தை வர்றா பாருங்கோ, அப்படியே எங்க கிரிஜா அத்தை. அவளுக்கு ஒண்ணு, அவகிட்ட மாட்டிண்டவாளுக்கு ஒண்ணு, ரெண்டு காப்பி குடுங்கோ."

ஏசி ஹால்

கடைசி நாள் அபேனாவின் அரங்கு. அதே நேரத்தில் வெளியே மைதானத்தில் ஒரு சினிமா நடிகர் பேசுகிறார். எங்கள் ஹாலில் நாற்காலிகள் இருந்தன, ஆட்கள் இல்லை. கலந்துரையாட வேண்டிய பேராசிரியர் குர்லாவில் நின்றுபோன ரயிலில் இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அபேனாவின் முகம் சின்னதாகிவிட்டது. இத்தனை தூரம் வந்து காலி நாற்காலிகளுக்குப் படித்துக்காட்ட வேண்டாம், ஹோட்டலுக்குப் போய்விடலாம் என்றாள். அவள் குரல் நடுங்கியது.

வெளியே ஓடினேன். மைதானம் நிரம்பி, உள்ளே விடாமல் நிறுத்தப்பட்ட கூட்டம் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. இலக்கியம் பற்றியெல்லாம் நான் பேசவில்லை. உள்ளே ஏசி ஓடுகிறது, உட்கார இடமும் இருக்கிறது என்று தமிழிலும் ஹிந்தியிலும் கத்தினேன். பாதி ஹால் நிரம்பியது. பேராசிரியர் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது: கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது? அபேனா சொல்ல ஆரம்பித்தாள், அத்தையின் குரலில் நடித்தே காட்டினாள். முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். மூன்றாவது தடவை தள்ளிப்போகிற இடத்தில் நிறுத்தி, மிச்சம் புத்தகத்தில் என்றாள். முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தே விட்டார்: "நான் ஏசிக்காகத்தான் வந்தேன். கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு தெரியாம இனிமே எப்படி பாண்டுப்ல வீடு போய்ச் சேர்றது?"

துயரம்

முடிகிற நேரத்தில் பேராசிரியர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பாவம், நிறையப் படித்துத் தயாராகி வந்திருந்தார். ஒரு கேள்வியாவது கேட்கிறேன் என்றார். ஆப்பிரிக்கக் கண்டத்தின் நெடுங்காலத் துயரத்தை இந்த நாவலில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அபேனா கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "துயரம் முழுக்க அந்தக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரோடது, ஸார். மூணு தடவை அரிசி ஊறவெச்சான்."

காரில்

விழாவுக்குக் கார் ஓட்டுகிற முருகேசன் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி. மூன்று நாளும் அவர் அதிகம் வாய் திறக்கவில்லை. அபேனாதான் என்னைத் தமிழில் சொல்ல வைத்து அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். வீட்டில் யார் சமைப்பார்கள், மகள் என்ன படிக்கிறாள், மாமியாரோடு ஒத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஏர்போர்ட்டில் அவளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது காரில் நானும் அவரும்தான். சயான் தாண்டி சிக்னலில் வண்டி நின்றதும் அவர் சொன்னார்: "தாராவியில இருக்கேன்னு சொன்னா போதும் மேடம், வாரவுக எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுன்னுதான் சொல்லுவாவ. இந்த அம்மாதான் வீட்ல யார் யாரு இருக்கான்னு கேட்டாவ."

இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தாளரைக்கூடத் தொலைத்ததில்லை என்று கமிட்டி என்னை மேடையில் பாராட்டியது, அனுப்பிவிட்டு வருகிறபோது ஒவ்வொருவரையும் தொலைத்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது என்பதை அவர்களிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.