சாக்கெட் எல்லாம் இருக்குதுங்களா?

பொன்னுசாமி என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் கம்ப்ரஸருக்கு ஆயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, உங்க டூல் பாக்ஸ்ல சாக்கெட் எல்லாம் இருக்குதுங்களா?"

நட்டு, போல்ட்டு கழற்றும் சாக்கெட் செட் என் பொறுப்பில் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதுவும் குறையவில்லை.

"எல்லாம் இருக்குது கண்ணு. எதுக்குக் கேக்கற?"

"பாறைக்கிட்ட ரெண்டு விழுந்து கெடக்குதாட்டங்க. மேட்டு சொன்னாரு. தேடிப் பார்த்தேன், காணலீங்க. உங்ககிட்டயே இருக்குதுன்னா சரிங்க."

தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு போனான். நான் கம்ப்ரஸரை ஓடவிட்டுக் காற்றைத் திறந்தேன்.

கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்த ரோடு அகலப்படுத்தும் வேலை அது. பாறையில் குழி போட்டு, வெடி வைத்து உடைப்போம். குழி போடும் ஜாக் ஹேமர் மிஷினுக்கு என் கம்ப்ரஸரிலிருந்துதான் காற்று போகும். பொன்னுசாமி அந்த மலைக்காரன். மிளகுக் கொடியும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. காட்டில் வேலை இல்லாத மாதங்களில் எங்களிடம் வந்தவன், மிஷின் பிடிக்கக் கற்றுக்கொண்டு நின்றுவிட்டான். வெடி வேலைக்கெல்லாம் பொறுப்பாளி துரைசாமி. அவரை எல்லோரும் மேட் என்று கூப்பிடுவோம். கிரானைட் குவாரிகளில் பல வருடம் இருந்தவர். கெட்ட மனுஷன் இல்லை. ஆள் மேல் கை வைத்தோ, கெட்ட வார்த்தை சொல்லியோ நான் பார்த்ததில்லை.

முதல் நாள் சாயங்காலம் வெடி வைத்திருந்தோம். காலையில் துரைசாமி பாறையைப் பார்த்துவிட்டு வந்து, மிஷின்காரர்களிடம், "அங்க ரெண்டு சாக்கெட் இருக்கு, பாத்து வேலை செய்யுங்க. புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுதுங்க மேட்டு" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தள்ளி, கம்ப்ரஸர் பூட்டிய டிராக்டரண்டை இருந்தேன். எனக்கு இது பிறகுதான் தெரியும்.

காற்றைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறி அடி ஒன்று கேட்டது. காற்று ஹோஸ் அறுந்து பாம்பு மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. என்ஜினை அணைத்துவிட்டு ஓடினேன். புழுதி அடங்கவில்லை. பொன்னுசாமி உட்கார்ந்த நிலையில் இருந்தான். முகம் என்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை. "அண்ணா, இருட்டிப்போச்சுங்க" என்றான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஜீப்பில் மடியில் போட்டுக்கொண்டு மலை இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் தலை என் கையில் புரண்டது. சேந்தமங்கலம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தான். அதன்பிறகு பேச்சு நின்றுவிட்டது. நாமக்கல்லில் டாக்டர்கள் உயிரைப் பிடித்து வைத்தார்கள். இரண்டு கண்ணும் போயின. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

என்ன நடந்தது என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெடி வைத்த குழி சில சமயம் அடிவரை உடையாது. பாறை பிளந்த பிறகும் குழியின் அடிப்பாகம் ஒரு சாண் ஆழத்துக்கு அப்படியே நிற்கும். தொழிலில் அதற்கும் சாக்கெட் என்றுதான் பெயர். உள்ளே வெடிக்காத மருந்து கிடக்கலாம். மேலே மண் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சரிவான பாறையில் மிஷினின் துளை போடும் ராடு வழுக்கும். பழைய குழி என்றால் ராடு நன்றாக நிற்கும். அதனால் புது ஆள் அங்கேதான் வைப்பான். பொன்னுசாமியும் அங்கேதான் வைத்தான். அந்தக் குழிகளில் மரக்கட்டை செருகி, சுற்றிப் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். துரைசாமி அதைச் செய்யவில்லை. வாயால் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். நானும் கூட நின்றேன்.

"அந்த இடத்துல சாக்கெட் இருக்குன்னு மேட் உங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவனுக்கு நல்லது. கட்டுக்குள்ளிருந்து பொன்னுசாமி, "சொன்னாருங்க. சொல்லலீன்னு நான் பொய் சொல்லமாட்டேன்" என்றான்.

அதிகாரி எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார்: முன்னெச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தும் தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது.

அவன் மனைவி மல்லிகா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த வாக்கியம் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது, பழி அவன் தலையிலேயே விழுகிறது. என்னை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் பக்கத்தில்தான் நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணுங்க," என்றேன். "இவன் எங்கிட்ட வந்து டூல் பாக்ஸ்ல சாக்கெட் இருக்குதான்னு கேட்டானுங்க. ஸ்பேனர் சாக்கெட்டுன்னு நெனச்சுட்டான். பாறைக்கிட்டத் தேடியே பாத்திருக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாம் இருக்குதுன்னு சொன்னேனுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். பொன்னுசாமி பக்கம் திரும்பினார். பிறகு, "சாக்கெட்னா என்னன்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"நட்டு கழட்டறதுங்களே," என்றான் பொன்னுசாமி.

கவனக்குறைவு என்பதை அதிகாரி அடித்துவிட்டார். அடுத்த மாதமே எனக்கு அங்கே வேலை இல்லை. துரைசாமி மேல் வழக்கு வந்தது. கோர்ட் வாசலில் ஒருமுறை பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. "நான் சொன்னேன்ல? எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்கல்ல?" என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சொன்னதும் நிஜம். அவர்கள் புரிந்தது என்றதும் நிஜம்தான். ஆளுக்கொன்று புரிந்திருந்தது.

பிறகு நான் பரீட்சை எழுதி வேறொரு குவாரியில் மேட் ஆனேன். ஆட்களிடம் புரிஞ்சுதா என்று நான் கேட்பதில்லை. "இப்ப நான் என்ன சொன்னேன், உன் வாயால சொல்லு" என்பேன். சிலருக்குக் கோபம் வரும். அங்கிருந்த இளவயது இன்ஜினியர் ஒருநாள், "எதுக்கு அண்ணா சின்னப் பசங்களுக்குப் பாடம் நடத்தற மாதிரி? சாக்கெட்னு சொன்னா போதாதா? இவங்களும் டெக்னிக்கல் டெர்ம்ஸ் கத்துக்கட்டுமே" என்றார். கற்றுக்கொள்ளட்டும், அதற்குள் சாகாமல் இருக்கட்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

போன வருடம் பொன்னுசாமி வீட்டுக்குப் போயிருந்தேன். இடது கையால் மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தான். என் குரலைக் கேட்டதும் சிரித்தான். கிளம்பும்போது மல்லிகா ரோடுவரை கூட வந்தாள்.

"அன்னிக்கு மேட்டு சொன்ன பேச்சுக்கு நம்ம பேச்சுல என்னங்கண்ணா அர்த்தம்?"

"இந்தக் குழிக்குள்ள வெடிக்காத மருந்து இருக்குது, கிட்டப் போகாதேன்னு அர்த்தம்மா."

"அவ்வளவுதானுங்களா?" என்றாள். "அதைச் சொல்றதுக்கு எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இப்போதும் தினம் காலையில் மிஷினை எடுப்பதற்கு முன்னால் ஆட்களை நிறுத்தி அந்த வார்த்தைகளைத்தான் சொல்கிறேன். ஒரு மூச்சுகூட ஆவதில்லை.