கொழுந்தாடை கட்டிய கம்பம்

உலகத்தின் தண்டவாளங்கள் எல்லாம் எங்கள் கரும்புக் காட்டில் வந்து முடிவதாகச் சிறுமியாக இருந்தபோது நம்பியிருந்தேன். நாமக்கல்லுக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனத்தில் இருந்தது எங்கள் நிலம். சர்க்கரை ஆலையிலிருந்து புறப்பட்ட குறுகிய இருப்புப்பாதை ஊர் ஊராகக் கரும்பு ஏற்றிக்கொள்ள வளைந்து வந்து, எங்கள் கடைசி வரப்பில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிடும். ஆகவே அது எங்களுக்காகவே போடப்பட்டது என்பது என் முடிவு.

என் தந்தையின் முடிவும் அதிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பாதைக்கென்று நிலத்தில் ஒரு கீற்றை விட்டுக்கொடுத்தவர், ரயில் வயலுக்கே வருகிறபோது வண்டி எதற்கு என்று மாடுகளையும் வண்டியையும் விற்றுவிட்டார். "மச்சானுக்கென்னுங்க, வாசலுக்கே ரயில் வருது. நாமதான் மாட்டு வாலப் புடிச்சுட்டுத் திரியோணும்," என்பார் தாய்மாமன். அப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கரும்பு வெட்டியதும் பாதையோரக் கம்பத்தின் உச்சியில் கொழுந்தாடையை, அதாவது கரும்பின் நுனித்தழையை, ஒரு கத்தையாகக் கட்டி வைப்பது வழக்கம். தொலைவிலேயே அதைக் கண்டு எஞ்சின் டிரைவர் காலி டிராலிகளை எங்கள் வயலருகே விட்டுச் செல்வார். தழை பச்சையாக இருந்தால் கரும்பு புதியது. பழுத்திருந்தால் ஆலை முகம் சுளிக்கும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்கச் சாறு வற்றிவிடும் அல்லவா.

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு, எழுபதுகளின் கடைசியில், ஆலையின் வெட்டு உத்தரவு வழக்கம்போல வந்தது. ஆட்கள் வெட்டி முடித்தார்கள். நான் அப்பாவின் தோளில் ஏறித் தழையைக் கட்டினேன். ரயில் வரவில்லை. ஆலை லாரிகளுக்கு மாறிவிட்டதாக ஊரில் பேச்சு. லாரியோ எங்கள் வாய்க்கால் பாலத்தில் ஏறாது. மாட்டு வண்டியின் அகலத்துக்குக் கட்டிய பாலம் அது. தலைச்சுமையாகவாவது தார் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அம்மா கெஞ்சினாள். உத்தரவு கொடுத்தவர்கள் ரயிலையும் அனுப்புவார்கள் என்றார் அப்பா. மறுநாளும் அதையே சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கம்பத்தில் தழை பழுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. விதைக்கென்று வெட்டாமல் விட்டிருந்த மூலையில் புதுத்தழை ஒடித்து, பள்ளிக்குப் போகுமுன் கம்பத்தில் தொற்றி ஏறித் தினமும் மாற்றிக் கட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கீழே கரும்பு வெளிறிக் கிடந்தது. அதன் புளித்த வாசனை வீடுவரை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் சத்தம் கேட்டது. பின்னால் காலி டிராலிகள். நான் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா மாவுக் கையோடு வந்தாள். டிராலிகளிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், கடப்பாரைகளோடு. பாதையைக் கடைசி முனையிலிருந்து கழற்றி ஏற்றிக்கொண்டே திரும்ப வேண்டுமாம்.

டிரைவர் சேலத்துக்காரர், எஞ்சினுக்குள் மாதா படம் ஒன்று ஒட்டி வைத்திருப்பவர். எப்போதும் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறவர் அன்று அண்ணாந்து கம்பத்தையே பார்த்தார்.

"நேத்துதான் வெட்டுனீங்களா கவுண்டரே? ஒரு டிராலி ஏத்திட்டுப் போறேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அப்பா தலையசைத்து மறுத்தார். "பச்சையெல்லாம் மேலதானுங்க. கீழ கெடக்கறது என்னைக்கோ செத்துப் போச்சு. பாப்பா தெனமும் தழையை மாத்திக் கட்டுதுங்க."

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கரும்பை ஏற்றிக்கொள்வீர்களா என்று நான் கேட்டேன்.

"ஏத்தாம? அதுக்குத்தானே வந்திருக்கேன்," என்றார். கடைசி டிராலியை மட்டும் காலியாக விடும்படி ஆட்களிடம் சொன்னார். அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அப்பா மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து ஆணிகளை நெம்பினார். தண்டவாளம் தூக்கத் தோள் கொடுத்தார். அதற்கு முன்பே எல்லோருமாக அந்த டிராலி நிறைய எங்கள் கரும்பை ஏற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேப்பமரத்திலிருந்து வாய்க்கால் வளைவுவரை பாதை இல்லாமல் போயிற்று. கரும்பின் மேல் அப்பாவும் உட்கார்ந்துகொள்ள, ரயில் வளைவுக்கு அப்பால் மறைந்தது. நான் கண்ணுக்குத் தெரிந்தவரை கையாட்டினேன்.

இருட்டுவதற்குள் அவர் நடந்து திரும்பிவிட்டார். ஆலை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. கரும்பை இறக்கியாயிற்றா என்று கேட்டேன்.

"எறக்கியாச்சு சாமி."

மிச்சக் கரும்புக்கு அப்பாவே தீ வைத்தார். அடுத்த ஆண்டு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனார். அந்த வயல் எங்களுடையதாக அதிக காலம் இருக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். மறுநாள் திங்கட்கிழமை, நான் பள்ளியிலிருந்து மூச்சிரைக்க வந்து, "ஏனுங்கப்பா, ஏத்துன கரும்பு பூராவும் வளைவுக்கு அந்தப்பக்கம் உழுந்து கெடக்குதுங்க," என்றேன்.

அப்பா என் பள்ளிப் பையை வாங்கிக்கொண்டார். "ரயில் ஆடிச்சல்லோ சாமி. உழுந்திருக்கும்," என்றார்.

வண்டியிலிருந்து தவறி விழுந்த கரும்பு, அடிகள் ஒருபக்கமும் நுனிகள் ஒருபக்கமுமாக, வாய்க்கால் கரையில் வரிசை பிசகாமல் அடுக்கிக் கிடக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.