கற்பிட்டிக் கலியாண வீடியோவும் நூறு டிகிரியும்

“ராத்தா, கொம்பியூட்டர் மூணாவது தடவையும் ஆஃப் ஆகிட்டு. ரெண்டர் பாதியத் தாண்டுதில்ல.”

கற்பிட்டியில் கலியாண வீடியோ எடிட் பண்ணும் ரிஸானா, காலையிலேயே புத்தளத்திலிருக்கும் என் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குப் போன் எடுத்தாள். அக்கா முறையில் என்னை ராத்தா என்பாள். மணப்பெண்ணின் உம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறவர். மகளின் கலியாணத்துக்கு வர அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று பின்னேரம் மட்டும் ஓய்வு. மூன்று மணிக்குள் வீடியோ அனுப்புவதாக ரிஸானா வாக்குக் கொடுத்திருந்தாள். எடிட் பண்ணிய துண்டுகளை ஒரே வீடியோவாக்கும் ரெண்டர் முடிந்தால்தான் அனுப்ப முடியும்.

அந்தக் கொம்பியூட்டருக்குப் பத்து நாளைக்கு முன்பு நான்தான், பிராசசரின் சூட்டை இறக்கும் கூலரைப் புதிதாகப் பூட்டினேன். பழையதின் ஃபேன் உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தது. மறுநாளே, “ஃபேன் ஓயாம இரையுது ராத்தா” என்றாள். “புதுசு தானே, போகப் போகச் சரியாயிடும்” என்று கடையில் இருந்தபடியே சொல்லிவிட்டேன். இப்போது அந்தப் பதில் மனதை உறுத்த, பஸ் ஏறினேன்.

ரிஸானாவின் கணவர் நஸார் மீன் வியாபாரி. மீன் அனுப்பும், தெர்மோகோல் போன்ற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி, மேலே ஒரு பலகை வைத்து, அதில் கொம்பியூட்டரை நிறுத்தியிருந்தார்.

“பாரை மீனே ரெண்டு நாள் கெடாம இரிக்கும் ராத்தா” என்றார் பெருமையாக.

“மீனுக்கு நாம கரண்ட் குடுக்கிறதில்லயே தம்பி. உள்ளுக்கு வேர்த்தா போர்டே போயிடும்.”

ரிஸானா சிரித்தேவிட்டாள். கொம்பியூட்டரை மேசைக்கு மாற்றி, உள்ளே ஈரம் இல்லையென்று பார்த்துவிட்டு ரெண்டர் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பிராசசர் நூறு டிகிரியைத் தொட்டது. ஃபேன் போட்ட சத்தத்தில் ரிஸானா பேசியது கேட்கவில்லை. நிறுத்திவிட்டுக் கூலரைக் கழற்றினேன்.

அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. பூட்டுமுன் உரித்து எறிய வேண்டியது. நான் அதன்மேலேயே சூடு கடத்தும் பேஸ்ட்டைத் தடவிப் பூட்டியிருக்கிறேன். பிராசசரின் சூடு கூலருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை.

“இதுவும் உப்புக் காத்துத் தானே ராத்தா?” என்றார் நஸார்.

ஓம் என்றால் முடிந்தது. அங்கே வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியாது. படலத்தை உரித்துக் கையில் எடுத்தேன்.

“இல்ல தம்பி. இது என்ட பிழை. உரிக்க மறந்துட்டேன்.”

ரிஸானா படலத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அப்ப என்ட காதுல பிழை இல்ல” என்றாள். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்துப் பூட்டினேன். சூடு சற்று ஏறியவுடன் ஃபேன் பாய்ந்து ஓடாமல் படிப்படியாகக் கூடும்படி பயோஸ் செட்டிங்கில் மாற்றினேன். மறுபடி ரெண்டர். எழுபத்தாறு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அடுத்த அறையில் பிள்ளைகள் சண்டை பிடிப்பது தெளிவாகக் கேட்டது.

இரண்டரைக்கு வீடியோ முடிந்தது; ரிஸானா உடனே அனுப்பிவிட்டாள். நான் சாப்பிட்டு முடித்துப் புறப்படும் நேரம் குவைத்திலிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. “மகள்ட முகத்த மட்டும் நாலு தரம் பாத்துட்டேன்” என்றது அந்தக் குரல்.

இப்போது கூலர் பூட்டினால், முழு லோடில் அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்க்காமல் கொம்பியூட்டரைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சத்தம் கூடுதல் என்று யாராவது போன் எடுத்தால், எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கேட்கிறேன். பிறகு, நானே போய்த் திறந்து பார்க்கிறேன்.