வானொலியில் வராத பெயர்

எங்கள் அம்மா யாழ்ப்பாணம் கொய்யாத்தோட்டத்தில் பிறந்து, கனடாவில் மொன்றியல் கார்ட்டியர்வில்லில் கண்மூடினார். அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டார். ஒரு தையல் மெசினை வைத்துக்கொண்டு அண்ணாவையும் என்னையும் அம்மா ஆளாக்கினார். அம்மா சாது என்று இந்த நன்றி மடலில் நான் எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். வாய் அப்படி. மனம் வேறு.

ஊர் ஆமியின் கையில் இருந்த காலத்தை இப்போது நினைத்தால், தண்ணீருக்கு அடியில் இருந்து பார்த்ததுபோல எல்லாம் மங்கலாக அசைகிறது. கரண்ட் இல்லை. பற்றறி கண்ணிலும் காட்டக் கிடையாது. பொழுதுபடும் நேரம் காட்டுப் பக்கமிருந்து இயக்கப் பெடியளின் வானொலி வரும். கேட்பது தெரிந்தால் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா தன் லேடீஸ் சைக்கிளை அறைக்குள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி இருந்து மிதிப்பார். டைனமோவிலிருந்து வயர் வானொலிக்குப் போகும். அண்ணா அதைப் போர்வையால் சுற்றிக் காதோடு அணைத்துக் கேட்பார். அம்மாவின் கால் தளர்ந்தால் குரல் எங்கேயோ இறங்கிப் போகும். உன்னி மிதித்தால் திரும்பி வரும். டைனமோ இரைச்சலில் மிதிக்கிற அம்மாவுக்கு ஒரு சொல்லும் கேட்காது. அண்ணா சொன்னால்தான் உண்டு.

நாளைக்குக் கடை திறக்க வேண்டாம், ஒருவரும் றோட்டில் இறங்க வேண்டாம் என்று அந்தக் குரல் சொல்லும். விடிந்தால் ஊர் மூச்சுக் காட்டாது. நோட்டீசும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆமியின் சென்றிக் காவலுக்கு முன்னால் வெறும் றோட்டு வெயிலில் கிடக்கும். பயந்து ஒடுங்கிக் கிடந்த சனத்துக்கு, பக்கத்து வீடும் அதே குரலைக் கேட்டிருக்கிறது என்பதே பெரிய தெம்பு. அதற்காக அம்மா எல்லாவற்றையும் நம்பிவிடவில்லை. கொழும்பு ஒன்று சொல்லும், இவங்கள் ஒன்று சொல்லுவாங்கள், இரண்டையும் கேட்டு நடுவில் பிடிக்கவேணும் என்பார். பத்து என்றால் மூன்று என்று எடுக்கச் சொல்லுவார். அண்ணாதான் பத்தையும் பத்தாகவே எடுத்தார்.

ஒருநாள் காலை அண்ணாவின் பாய் சுருட்டியபடி கிடந்தது. எங்கே போனார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அம்மா நெஞ்சிலடித்து அழுதார். "நான் மிதிச்சுத்தானே அவன் கேட்டவன்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அதன்பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

அன்று பின்னேரமும் அம்மா சைக்கிளில் ஏறினார். வானொலியோடு இப்போது நான். இறந்துபோன பெடியளின் பெயர்களை அதில் வாசிப்பார்கள். தொடங்கிவிட்டது என்று நான் கை காட்டியதும், ஒரு பெயரும் தவறக் கூடாதென்று அம்மா உன்னி மிதிப்பார். கண் என் முகத்தை விட்டு அசையாது. இல்லை என்று நான் தலையாட்டிய பிறகுதான் இறங்குவார்.

நான் கலியாணம் முடித்து இங்கே வந்து, பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். வானொலியைச் சுவரில் செருகினால் கரண்ட் வருகிறதே அம்மா என்றால் கேட்பாரா? மூலைக்கடை டெப்பனருக்குப் பாலுக்குப் போனால் பாலை மறந்தாலும் பற்றறியை மறக்கமாட்டார். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் பகிடி பண்ணுவார்கள், அம்மா தமிழில் திருப்பிக் கொடுப்பார். வெளியே சத்தமில்லாமல் பனி கொட்டும். குசினியில் இங்கத்தைய தமிழ் வானொலி முணுமுணுத்துக்கொண்டிருக்கும். மரண அறிவித்தல் வரும்போது மட்டும் கறி கிளறும் கை நின்றுவிடும்.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நவம்பரில் வைக்கும் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, அப்பாவின் பெயரோடு அம்மா நிறுத்திக்கொள்வார். மகனுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாமே என்று அங்கே ஒரு அக்கா நல்ல மனதோடுதான் கேட்டார்.

"றேடியோவில வராத பேரை நான் குடுக்கமாட்டன் பிள்ளை" என்றார் அம்மா.

பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் அம்மா பாதி இங்கேயும் பாதி வேறெங்கேயோவும் இருந்தார். போர்வைக்குக் கீழே கால்கள் மெல்ல மெல்ல அசைந்தபடி இருந்தன. நோகிறதோ என்று நேர்ஸ் பிரெஞ்சில் கேட்டார். அம்மா சைக்கிள் மிதிக்கிறார் என்று நான் எந்தப் பாஷையில் சொல்ல? குனிந்து, அம்மாவின் கண்ணுக்கு நேரே, இல்லை என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார். மற்ற நாள் காலை அம்மா போய்விட்டார்.

பூசை வைத்த சுவாமிக்கும், பாடிய பிள்ளைகளுக்கும், செத்தவீடு முடியும்வரை சோறும் கறியும் சுமந்து வந்த ரொக்ஸ்பரோவில் இருக்கும் சித்தி குடும்பத்துக்கும், பனியைப் பாராமல் ரொறன்ரோவிலிருந்து ஓடிவந்த சொந்தங்களுக்கும் நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்! இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

வானொலிக்கு அம்மாவின் மரண அறிவித்தல் எழுதும்போது, அண்ணாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னார்கள். இத்தனை வருடமாகியும் போடாவிட்டால் சனம் என்ன நினைக்கும் என்றார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெற்றவர் கொடுக்காத பெயரைக் கொடுக்க நான் யார்? பிள்ளைகளின் வரிசையில் மூத்தவராகவே எழுதி அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெயரோடு நாட்டையும் சேர்த்து வாசிப்பதுதானே எங்கள் வழக்கம். வானொலி அறிவிப்பாளர் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட அண்ணை இப்ப எந்த நாட்டில எண்டு போடுறது?"

"நாட்டைப் போடவேண்டாம் தம்பி. பேரை மட்டும் வாசியுங்கோ."

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அப்படியே வாசித்த அந்தத் தம்பிக்கு என் நன்றி. அம்மா உயிருள்ளவரை கேட்கப் பயந்த பெயர் வானொலியில் வந்தது, உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் வரிசையில். அந்த வானொலி இப்போது இன்ரநெற்றிலும் போகிறதாம். எந்த நாட்டிலும் கேட்கலாமாம்.

அண்ணா, எங்கேயாவது இருந்து கேட்டீர்களென்றால், அம்மா போயிட்டா.