இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்

ஆறுமுகம் சாரின் விரல்களில் எப்போதும் நாரத்தங்காய் ஊறுகாய் வாசம் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களுக்குக் கையெழுத்து வகுப்பு. பின்னால் வந்து நின்று, பேனா பிடித்த என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு 'இ' எழுதச் சொல்லித் தருவார், அந்தப் புளிப்பும் காரமும் கலந்த வாசம் இரட்டைக்கோடு நோட்டின் மேல் இறங்கும், சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகாத வயிற்றில் எனக்கு மறுபடியும் பசி கிளம்பும். அவர் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து என்னோடு படித்தவர்கள் அவருடைய அன்பு, அறிவு, பொறுமை என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊறுகாய்தான். என்ன செய்ய, என் மூளை அப்படி.

அம்பாசமுத்திரத்திலிருந்து நாலைந்து மைல் தள்ளி, ஆற்றையொட்டி இருக்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நாங்கள் 'சார்' என்போம். ஊர்ப் பெரியவர்கள் 'சார்வாள்' என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தோம், நாற்பது பேருக்கும் ஒரே கையெழுத்து. அவருடைய கையெழுத்து. மாமியார் வீட்டுக்கு மருமகள் போட்ட கடிதத்தைப் பார்த்து, 'இது நம்ம சார்வாள்ட்ட படிச்ச புள்ள' என்று தபால்காரரே சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் சாருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். நோட்டுகளைத் திருத்தி முடித்து அட்டையைப் பார்க்காமலே, உள்ளே ஒரு வரியைப் பார்த்துவிட்டு, "மாடசாமி, இந்தா. இசக்கி, இந்தா. செண்பகம், உன் 'ழ' மட்டும் கொஞ்சம் திமிரா நிக்கி, அடக்கி வை" என்று கொடுத்துக்கொண்டே போவார். செண்பகம் என்பது நான். ஒருநாளும் தப்பியதில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை தோறும் எல்லோரும் இடம் மாறி உட்கார வேண்டும். இந்த வாரம் முன்பெஞ்சில் இருப்பவன் நாலு வாரத்தில் ஜன்னலோரம் போவான், ஜன்னலோரத்துக்காரி கதவோரம் வருவாள். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? எங்கள் ஊரில் அது சாதாரணமில்லை. அதற்கு முன்னால் மேலத்தெருப் பிள்ளைகள் முன்பெஞ்சு, கீழத்தெருப் பிள்ளைகள் பின்னால் தரை என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். நான் மேலத்தெரு. இசக்கி கீழத்தெரு. திங்கட்கிழமைகள் சுற்றிச் சுற்றி ஒரு வாரம் அவளை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டன, அந்த ஒரு வாரத்தில் நாங்கள் ஒட்டிக்கொண்டோம். அவள் புளியங்காயை உப்புத் தொட்டுத் தருவாள், நான் கணக்கைக் காட்டுவேன். வீட்டில் போய் வாய் சும்மா இருந்ததா எனக்கு? 'இசக்கி தந்தா, இசக்கி சொன்னா' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை பெரியப்பா கூப்பிட்டார். அப்பா இல்லாத எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான். அதட்டக்கூட மாட்டார், அத்தனை சாது.

"ஏட்டி செண்பகம், உன் எழுத்து முத்து முத்தா இருக்குல்லா. இங்கன வா, பெரியப்பா சொல்லுதேன், நீ எழுது."

'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்று தொடங்கியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளைக் குடத்தில் தண்ணீர் சுமக்க வைக்கிறார், பாட நேரத்தில் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் உயிருக்கு ஆபத்து விளைவிக்கிறார், ஆகவே உடனே மாற்ற வேண்டும். ஒரே ஒருநாள் ஆற்றங்கரை மருத மரத்தடியில் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருந்தார், அவ்வளவுதான். பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவில் பெயருக்குப் பதிலாக 'இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்' என்று போடச் சொன்னார். எழுதி முடித்ததும் கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் கிடைத்தது.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். புரிந்தது. யாரைப் பற்றி எழுதுகிறேன், எதற்காக எழுதச் சொல்கிறார் என்று பத்து வயதுக்குப் போதுமான அளவு புரிந்தது. ஆனால் வீட்டில் அத்தனை பேரும் சுற்றி நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு 'பாரு, அச்சடிச்ச மாதிரி எழுதுதா' என்றாள், அந்தப் பெருமையில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. பெரியப்பா ஒரு வரியைக் கோணலாகச் சொன்னபோது அதை நானே நேராக்கி எழுதினேன். கேட்டீர்களா, நேராக்கி எழுதினேன்!

இரண்டு மூன்று வாரம் கழித்துக் கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். வகுப்பிலேயே, எங்கள் எதிரிலேயே, பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் சாரிடம் நீட்டினார். சார் வாசித்தார். அரைப்பக்கம்தான், ஆனால் அதை வாசிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. என் காது இரண்டும் கொதித்தன. "இது யார் கையெழுத்துன்னு தெரியுதா?" என்று அதிகாரி கேட்டார். "தெரியலை சார்" என்றார் அவர். அன்று சாயங்காலம் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது வழக்கம்போல உள்ளே பார்த்து, "செண்பகம், இந்தா" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை, குரலில் ஒன்றுமில்லை. 'ழ'வைப் பற்றி மட்டும் அன்று எதுவும் சொல்லவில்லை.

நடு வருடத்தில் அவரைச் சாத்தான்குளம் பக்கம் மாற்றினார்கள், பனங்காட்டுக்குள் ஏதோ ஓர் ஊர். பிள்ளைகள் எல்லோரும் பஸ் நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லிப் பாயில் சுருண்டு கிடந்தேன். அதன் பிறகு படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்தேன், பெரியப்பாவையும் ஆற்றங்கரையில் எரித்தாயிற்று. சாருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் தாளை எடுத்திருக்கிறேன். விலாசம் தெரியாமல் இல்லை. எழுதினால் கையெழுத்தைப் பார்ப்பாரே, அந்தப் பயம். ஒரு பிள்ளையின் பயம் நாற்பது வருடம் நிற்குமா என்று கேட்காதீர்கள், நின்றது.

போன மாதம் அவர் இறந்துவிட்டார் என்று மாடசாமி வாட்ஸ்அப்பில் போட்டான். அம்பாசமுத்திரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான், எங்களையெல்லாம் தேடிப்பிடித்துக் குழு தொடங்கியவன் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பள்ளிக்கூடத்திலேயே நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நானும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே இசக்கி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா செண்பகம், ஊதிப் போயிட்டியே!" என்று சிரித்து, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், பார்த்தால் எங்கள் சார் மாதிரியே இல்லை, யாரோ வயதான மனிதர்.

மாடசாமி மைக்கைப் பிடித்தான். "நடு வருசத்துல நம்ம சாரைப் பிரிச்சிட்டானுவ. எவனோ ஒரு படுபாவி மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டான். அவன் கை விளங்குமாவே?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். இசக்கியும் ஆட்டினாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் மைக்கை வாங்கி, அது என் கை என்று சொன்னேன். மிட்டாய்ப் பொட்டலம் வரை சொன்னேன். சாரிடம் ஒருதரம் மன்னிப்புக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஓவென்று அழுதேன்.

மாடசாமிதான் முதலில் வந்தான். "அட விடு தாயி! பத்து வயசுல உனக்கு என்ன தெரியும்? பெரியவுக சொன்னாக, நீ எழுதின. சார் இருந்தா அவரே சிரிச்சிருப்பாரு" என்றான். பின்னாலிருந்து ஒருத்தன், "அப்பவே பெட்டிசன் எழுதியிருக்கா, இவ வக்கீலுக்குல்லா படிச்சிருக்கணும்!" என்று சொல்ல, கூட்டமே சிரித்தது. தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தட்டினார்கள், சேவும் காப்பியும் வந்தன. நாற்பது வருடச் சுமை பத்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இசக்கி என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தாள். நிறுத்தத்தில் நின்றதும் கேட்டாள்.

"சார் போன பொறவு வந்த வாத்தியார் எங்களை மறுபடி தரையில உக்காரச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு இல்லை. எவ்வளவு துழாவினாலும் இல்லை. நான் முன்பெஞ்சில் இருந்திருப்பேன், பின்னால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

"எங்க அம்மை ஒருநாள் வந்து அதைப் பாத்துட்டா. தரையில உக்கார பள்ளிக்கூடம் எதுக்குன்னு பீடி சுத்துத தட்டைத் தூக்கி என் மடியில வச்சுட்டா. அஞ்சாப்பே நான் முடிக்கலை." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "சார்கிட்ட மன்னிப்புக் கேக்க முடியலையேன்னு மைக்குல அந்த அழுகை அழுதியே. அவரு போய்ச் சேந்துட்டாரு. நான் இங்கனதானே இருக்கேன்?"

பஸ் வந்துவிட்டது. "ஏறு, இதை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம் ஆவும்" என்றாள். நான் ஏறிவிட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது மொத்தமே இருபது பிள்ளைகள்கூட இல்லையாம். பெஞ்சுகள் போய் வண்ண வண்ணமாய்ப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. என் கையெழுத்தும் போய்விட்டது, அலுவலகத்தில் எல்லாம் கணினி, கையெழுத்துப் போடுவதோடு சரி. கணவர் போய் மூன்று வருடமாகிறது, மகன் வெளியூரில், பேச்சுத்துணைக்கு அந்தக் குழுதான். என்னை மன்னித்தவர்கள் எல்லோரும் விடிந்ததும் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார்கள். இசக்கி எதுவும் அனுப்புவதில்லை. அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது, ஆனால் இது போனில் கேட்கிற விஷயம் இல்லை. இங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கு அடிக்கொரு பஸ், அங்கிருந்து எங்கள் ஊருக்கு மணிக்கு ஒரு டவுன் பஸ். இரண்டு ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். இன்னும் ஏறவில்லை.